சாண வாயு டீசல் எஞ்சினில் ஏன் தானாகப் பற்றாது, கொம்பிரசரில் ஏன் பற்றிவிடக்கூடும்

வன்னியின் முத்தையன்கட்டில் இருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. வீட்டில் பத்து மாடு. சாண வாயுக் குழி கட்டி, அடுப்புக்குப் போக மிஞ்சுகிற காஸைத் தோட்டத்து வோட்டர் பம்பின் டீசல் எஞ்சினுக்குக் கொடுக்க நினைக்கிறார். "டீசல் எஞ்சினுக்குப் பிளக் இல்லை, அமுக்கத்திலேயே டீசல் பற்றுது. அப்ப காஸையும் காற்றையும் கலந்து உள்ளே விட்டால் அதுவும் தானாகப் பற்றாதா? பற்றும் எண்டால், ரயர்க் கடைக் கொம்பிரசராலை காஸைச் சிலிண்டருக்குள்ளை அடைக்கேக்கை வெடிக்காதா?"

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பம்ப் எஞ்சினில் காஸ் தானாகப் பற்றாது. பற்றவைக்கக் கொஞ்சம் டீசல் வேண்டும். கொம்பிரசரில் வெடிக்கலாம், அந்த வேலைக்குப் போகவே வேண்டாம். டீசல் எஞ்சினுக்குள் அத்தனை அமுக்கத்திலும் பற்றாத காஸ், அதைவிட எவ்வளவோ குறைந்த அமுக்கமுள்ள கொம்பிரசரில் பற்றும் என்பது முரணாகத் தெரியும். அந்த முரணை அவிழ்க்கத்தான் இத்தனை நீளம் எழுத வேண்டியிருக்கிறது. நான் தொண்ணூறுகளில் ஒரு கராஜில் கைவேலை பழகிவிட்டுப் பிறகு உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன். ஆகவே கிறீசும் சமன்பாடும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை எல்லாம் செல்சியஸ் பாகையில். கெல்வின் வரும் இடத்தில் அப்படியே சொல்கிறேன்.

கைப்பிடி போட்டுச் சுற்றுகிற ஒற்றைச் சிலிண்டர் லான்ட்மாஸ்ரரை (இருசில்லு டீசல் உழவு இயந்திரம்) எடுத்துக்கொள்வோம். மார்கழி விடியல், கைப்பிடி பனியில் குளிர்ந்துபோய் இருக்கும். இடக்கையால் அமுக்கத்தை விடுவிக்கிற நெம்பைத் தூக்கிப் பிடித்தபடி வலக்கையால் சுற்றுவோம். நெம்பு தூக்கியிருக்கும்வரை வால்வு கொஞ்சம் திறந்தே இருக்கும், காற்று வந்த வழியே போய்விடும், பத்து வயதுப் பொடியனும் சுற்றலாம். பாரச் சில்லு வேகம் பிடித்ததும் நெம்பை விடுவோம். அந்தக் கணத்தில் கைக்குள் ஒரு இறுக்கம் தெரியும், யாரோ உள்ளே இருந்து கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினது போல. அடுத்த கணம் "தொக்" என்று முதல் வெடி.

அந்த இறுக்கந்தான் விசயம். பதினேழு பங்கு இடத்தில் இருந்த காற்று ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படுகிறது. வெப்பம் வெளியே போக நேரமில்லை. உயர்தரத்தில் சேறலில்லா மாற்றம் என்று படித்திருப்பீர்கள். அதன் கணக்கு சின்னது. தொடக்க வெப்பநிலையைக் கெல்வினில் எடுத்து, அமுக்க விகிதத்தின் 0.4 ஆம் அடுக்கால் பெருக்க வேண்டும். 17 இன் 0.4 ஆம் அடுக்கு ஏறக்குறைய 3.1. முப்பது பாகைக் காற்று 303 கெல்வின். பெருக்கினால் 940 கெல்வின், அதாவது 665 பாகைக்குக் கிட்ட. அமுக்கம் ஐம்பது மடங்கைத் தாண்டும். இது வெப்பமே ஒழுகாத, பிஸ்டன் வளையம் தேயாத கனவு எஞ்சினுக்கு. எங்கள் எஞ்சினில் சுவர் கொஞ்சம் குடிக்கும், வளையத்தால் கொஞ்சம் கசியும். 500, 550 பாகை வந்தால் பெரிய காரியம். வளையம் மிகவும் தேய்ந்த எஞ்சினைக் காலையில் சுற்றும்போது வெள்ளைப் புகை மட்டும் வருவது இதனால்தான். அது புகைகூட இல்லை, பற்றாமல் வெளியேறுகிற டீசல் மூடுபனி. அனுபவப்பட்ட மெக்கானிக் காற்று போகும் வாயில் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விடுவார். ஒயில் வளையத்தின் இடுக்கை அடைக்கும், கசிவு குறையும், எஞ்சின் எழும்பிவிடும். அவர் செய்தது உண்மையில் வெப்பநிலையைக் கூட்டுகிற வேலை.

இந்த வித்தை ருடோல்ப் டீசல் 1892 இல் காப்புரிமைக்கு எழுதிப்போட்டு, 1897 இல் ஓடவிட்டுக் காட்டினதற்கு முன்பே மனிதனுக்குத் தெரிந்ததுதான். மலாயா, போர்ணியோ, பிலிப்பைன்ஸ் பக்கத்தில் மூங்கிலிலோ கொம்பிலோ ஒரு சின்னக் குழல் செய்து, அடிமுனையில் பஞ்சு வைத்த தண்டை ஒரே அடியாக உள்ளே அடித்துத் தீ எடுத்தார்கள். ஒரே அடியாக என்பதைக் கவனியுங்கள். மெதுவாகத் தள்ளினால் சூடு குழலுக்குப் போய்விடும், பஞ்சு பற்றாது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடி கையைச் சுடுவதோடு நின்றுவிடுவதும் அதனால்தான்.

இனி உங்கள் கேள்வியின் உள்ளே போவோம். சாண வாயுவில் எரிகிற பகுதி மெதேன். அதன் தீப்பற்று வெப்பநிலை, அதாவது பொறியில்லாமல் தானாகப் பற்றுகிற வெப்பநிலை, 540 பாகைக்குக் கிட்ட என்று அட்டவணைகளில் இருக்கும். சிலதில் 600 என்றும் இருக்கும். சமையல் காஸில் இருக்கிற புரொப்பேனுக்கு 450 சொச்சம், டீசலுக்கு 210 இலிருந்து 250. இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: "எஞ்சினுக்குள்ளே 550 பாகை வருது, மெதேன் 540 இல் பற்றும், அப்ப பற்றத்தானே வேணும்?" தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதைப் போல 540 என்பதும் ஒரு பொருளின் சொந்தக் குணம் என்று நினைப்பதால் வரும் பிழை இது. தீப்பற்று வெப்பநிலை பொருளோடு பிறந்த குணம் இல்லை. ஒரு குறிப்பிட்ட அளவுக் குடுவையில், சாதாரண வளிமண்டல அமுக்கத்தில், செக்கன் கணக்காக, சிலவேளை நிமிடக் கணக்காகக் காத்திருந்து பார்த்து எழுதின எண் அது. குடுவையை மாற்றினால் எண் மாறும்.

ஏன் மாறும் என்பதற்கு எங்கள் வயலிலேயே உதாரணம் இருக்கிறது. வன்னியில் அறுத்த நெற்கதிரை அடுக்கி வைக்கிற குவியலுக்குச் "சூடு" என்று பெயர். எந்தக் காரணத்தால் அந்தப் பெயர் வந்ததோ தெரியாது, ஆனால் ஈர வைக்கோலைப் பெரிதாகக் கும்பி போட்டு இரண்டு மூன்று நாளில் கையை உள்ளே விட்டுப் பார்த்தவருக்குப் பெயர் பொருத்தமாகத்தான் படும். உள்ளே நுண்ணுயிர் வெப்பம் உண்டாக்குகிறது. சின்னக் கும்பியில் அந்த வெப்பம் வெளியே போய்விடும். பெரிய கும்பியில் நடுவில் பிறக்கிற வெப்பத்துக்கு வெளியே வர வழி நீளம். வருவதைவிடப் பிறப்பது கூடினால் சூடு ஏறும், சூடு ஏறினால் இன்னும் வேகமாகப் பிறக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் யாரும் நெருப்பு வைக்காமலே புகையத் தொடங்கும்.

காஸும் காற்றும் கலந்து மூடின பாத்திரமும் இப்படித்தான். 200 பாகையிலும் எரிபொருளும் ஒட்சிசனும் மெல்ல மெல்லத் தாக்கம் புரிந்துகொண்டுதான் இருக்கும். வெப்பம் பிறந்துகொண்டுதான் இருக்கும். பிறக்கிற வெப்பம் சுவரால் போகிற வெப்பத்தை எப்போது முந்துகிறதோ அப்போது வெடிப்பு. இந்தப் போட்டியை 1928 இல் கணக்காக எழுதிக் காட்டினவர் ரஷ்யாவின் நிக்கொலாய் செமியோனொவ். பிறகு 1956 இல் இரசாயனத்துக்கான நொபெல் பரிசை சிறில் ஹின்ஷல்வூட்டோடு பகிர்ந்துகொண்டவர்.

அமுக்கம் இந்தப் போட்டியில் எந்தப் பக்கம் நிற்கிறது? பிறக்கிற வெப்பத்தின் பக்கம். அமுக்கத்தை இரட்டித்தால் அதே இடத்தில் எரிபொருள் மூலக்கூறும் இரட்டை, ஒட்சிசனும் இரட்டை. இரண்டும் மோதுகிற வாய்ப்பு நான்கு மடங்கு வரை போகும். ஆனால் சுவரின் பரப்பு அப்படியே இருக்கிறது, வெப்பம் போகிற வேகம் அந்த அளவுக்குக் கூடாது. ஆகவே அமுக்கம் கூடக்கூடக் குறைந்த வெப்பநிலையே போதும். அட்டவணையில் 450 என்று இருக்கிற புரொப்பேன், எரிபொருள் கூடின கலவையாகப் பெரிய பாத்திரத்தில் பத்துப் பதினைந்து பார் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அமுக்கம்) அமுக்கத்தில் இருக்கும்போது 300 பாகைக்கும் கீழே தானாகப் பற்றியதை ஆய்வுகூடத்தில் அளந்திருக்கிறார்கள். அட்டவணை எண்ணைப் பார்த்து "இன்னும் 150 பாகை இடம் இருக்கு" என்று நினைக்கிறவர் ஏமாறுகிற இடம் இதுதான். அமுக்கம் இன்னொன்றும் செய்யும். காற்றில் மெதேன் 5 இலிருந்து 15 வீதம் வரை இருந்தால்தான் எரியும் என்பதும் சாதாரண அமுக்கத்துக் கணக்கு. அமுக்கம் கூடும்போது அந்த மேல் எல்லை விலகி விலகிப் போகும். "காஸ் கூடிப்போச்சு, இனி எரியாது" என்ற பாதுகாப்பும் அதோடு போய்விடும்.

அப்படியானால் ஐம்பது மடங்கு அமுக்கமும் 550 பாகையும் இருக்கிற எஞ்சினுக்குள் மெதேன் ஏன் சும்மா இருக்கிறது?

நேரம் போதாது. எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடினால் ஒரு சுற்றுக்கு 40 மில்லிசெக்கன். பிஸ்டன் உச்சிக்குக் கிட்ட, அமுக்கமும் சூடும் உச்சமாக இருக்கும் நேரம் இரண்டு மூன்று மில்லிசெக்கன் மட்டுமே. அதற்குள் பற்றினால் பற்றினதுதான். இல்லாவிட்டால் பிஸ்டன் இறங்கும், காற்று விரியும், எல்லாம் ஆறிவிடும். நெருக்கின கலவை பற்றுவதற்கு முன் ஒரு தாமதம் உண்டு, உலை கொதிக்க எடுக்கிற நேரம் போல. டீசல் தெளிப்புக்கு அந்தத் தாமதம் ஒரு மில்லிசெக்கன் அளவில். அந்த வெப்பநிலையில் மெதேனுக்குப் பல பத்து மில்லிசெக்கன் வேண்டும். மெதேன் பற்ற ஆயத்தமாகும்போது பிஸ்டன் கீழே போய், காஸ் சைலன்சராலும் வெளியேறியிருக்கும்.

இந்தத் தாமதத்துக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அவசரம் உள்ளவர்கள் அடுத்த பந்திக்குத் தாண்டலாம். டீசலும் மண்ணெண்ணெயும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள். சூட்டில் ஒரு ஐதரசன் அணுவை இழந்த சங்கிலி ஒட்சிசன் மூலக்கூறு ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த ஒட்சிசன் வளைந்து, அதே சங்கிலியின் வேறொரு இடத்தில் உள்ள ஐதரசனைக் கவ்வும். இப்படிப் பெரொட்சைட்டு வகைச் சேர்வைகள் உண்டாகி, உடைந்து, ஒன்றுக்கு இரண்டு மூன்றாகச் சுயாதீன மூலிகங்களை, அதாவது எதோடும் உடனே தாக்கம் புரியத் துடிக்கிற மூலக்கூற்றுத் துண்டுகளை, விடும். வளைந்து கவ்வ நீளம் வேண்டும். மெதேனில் ஒரே ஒரு காபன். வளைய என்ன இருக்கிறது? ஆகவே அந்தக் குறுக்கு வழி அதற்கு மூடப்பட்டிருக்கிறது. 700 பாகைக்குக் கிட்டப் போனால்தான் ஐதரசன் பெரொட்சைட்டு வேகமாக உடைந்து மெதேனுக்கும் வழி திறக்கும். ஆசுப்பத்திரியில் புண் கழுவுகிறார்களே, நுரைத்துக்கொண்டு வருமே, அதே ஐதரசன் பெரொட்சைட்டுத்தான் உலகத்து எஞ்சின்களில் நடக்கிற தானியங்கு வெடிப்பில் பெரும்பாலானவற்றுக்குக் கடைசித் தட்டுத் தட்டுவது. இன்னொரு வினோதமும் உண்டு. நீண்ட சங்கிலி எரிபொருளில், ஏறக்குறைய 400 இலிருந்து 500 பாகை வரை உள்ள ஒரு பட்டையில், சூட்டைக் கூட்டினால் தாமதம் குறைவதற்குப் பதிலாகக் கூடும். அதற்குக் கீழே வெளிறிய நீலமாக ஒரு "குளிர்ச் சுவாலை" வரும். அது கடதாசியைக்கூடக் கருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை ஈதர் ஆவியில் கவனித்தவர் ஹம்ப்ரி டேவி, சுரங்க விளக்குச் செய்த அதே டேவி. அவருடைய கம்பி வலை கீழே உங்களுக்கும் தேவைப்படும்.

இந்தச் சங்கிலி விசயத்தை நான் முதலில் படித்தது புத்தகத்தில் இல்லை, ஒரு பிஸ்டனில். 1990 இலிருந்து 2002 வரை பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னிக்குள் பெற்றோல் என்பது மருந்துப் போத்தல் கணக்கில் விற்ற சாமான். எம்டி 90 மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. பிளக்கைக் கழற்றி இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு, எஞ்சினை எழுப்பி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வெள்ளைப் புகையும் அந்த மணமும் அந்தக் காலத்தில் இருந்த எல்லோருக்கும் மூக்கில் நிற்கும். சமதரையில் பிழையில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு மணலில் அல்லது ஏற்றத்தில் முறுக்கினால்தான் "கிண் கிண் கிண்" என்று, தகரப் பேணிக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற சத்தம் வரும்.

அந்தச் சத்தம் தானாகப் பற்றுகிற காஸின் சத்தம். பிளக் பொறி வைத்த இடத்தில் இருந்து சுவாலை பரவிக்கொண்டு போகும். இன்னும் எரியாத மூலைக் கலவையை, ஏற்கெனவே எரிந்து விரிந்த பகுதி பிஸ்டனைவிட மோசமாக நெருக்கும். அந்த மூலையில் தாமதம் முடிந்துபோனால், சுவாலை வந்துசேர முதலே மூலை முழுவதும் ஒரேயடியாகப் பற்றும். அந்த அடியில் சிலிண்டருக்குள் ஒலி அலை மணி போல அதிரும். கார் எஞ்சின் அளவுச் சிலிண்டரில் செக்கனுக்கு ஆறு ஏழாயிரம் தரம், சின்னச் சிலிண்டரில் அதைவிடக் கூட. ஒக்டேன் எண் என்பது எரிபொருள் இந்த அவசரத்துக்கு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதன் அளவு. கிளை விட்ட ஐசோ ஒக்டேனுக்கு 100, நேர்ச் சங்கிலி ஹெப்டேனுக்கு 0 என்று வைத்தார்கள். எங்கள் நிலையங்களில் 92, 95 கிடைக்கிறது. மண்ணெண்ணெய் அதில் பாதிக்கும் கீழே. மெதேன் 120 அளவில், நூறையே தாண்டி நிற்கிறது.

நான் கழற்றின அந்தப் பிஸ்டனின் தலையில், ஓரம் முழுக்கக் கறையான் அரித்த மாதிரிக் குழிகள். ஒரு இடத்தில் ஊசி போகிற ஓட்டை. சொந்தக்காரர் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்காலை வானம் தெரியுது மாஸ்ரர்" என்றார். அலுமினியத்தை நெருப்பு தனியே உருக்கவில்லை. உலோகத்தின் மேலே போர்த்தியிருந்த மெல்லிய குளிர்ந்த காற்றுப் படையை அந்த அதிர்வு உரித்துவிட்டது, பிறகுதான் சூடு நேரே இறங்கியது. தோட்டத்துச் சின்ன மண்ணெண்ணெய்ப் பம்புகள் மட்டும் ஏன் இந்தக் கதிக்கு ஆளாகவில்லை என்றால், அவற்றின் அமுக்க விகிதத்தைச் செய்தவர்களே குறைத்து வைத்திருந்தார்கள். 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் சிலர் பழைய வித்தையைப் புதிய எஞ்சினில் காட்டி எஞ்சினைக் கெடுத்தார்கள். அந்த ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ஆனதும் ஆசையும் அடங்கிவிட்டது.

இனி உங்கள் பம்ப். மெதேன் தானாகப் பற்றாது என்பது குறை இல்லை, வசதி. டீசல் எஞ்சினின் அமுக்க விகிதத்தில் பெற்றோல் ஆவியையோ மண்ணெண்ணெய் ஆவியையோ காற்றோடு உள்ளே விட்டால் பிஸ்டன் ஏறிவரும் வழியிலேயே நினைத்த நேரத்துக்குப் பற்றி எஞ்சினை உடைக்கும். மெதேன் உச்சி வரை பொறுமையாக வரும். சாண வாயுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கூடவே காபனீரொட்சைட்டு இருப்பது இன்னும் பொறுமை சேர்க்கும். உச்சியில் டீசல் கொஞ்சம் தெளித்தால் அது தன் வழக்கப்படி பற்றும். அந்த நெருப்பில் காஸ் எரியும். டீசலைத் தீக்குச்சியாகவும் காஸை விறகாகவும் வைத்துக்கொள்வது என்று நினையுங்கள்.

வேலை பெரிதில்லை. காற்று வடிக்குப் பிறகு, எஞ்சினுக்கு முன், காற்றுக் குழாயில் ஒரு ரீ (T வடிவ இணைப்பு) பொருத்தி, வால்வோடு காஸ் குழாயைக் கொண்டுவாருங்கள். டீசலிலேயே எஞ்சினை எழுப்பி, தண்ணீர் இறைக்கத் தொடங்கினதும் காஸ் வால்வை மெல்லத் திறவுங்கள். எஞ்சின் வேகம் எடுக்கப் பார்க்கும், வேகத்தைச் சமன் வைத்திருக்கிற கவர்னர் தானாகவே டீசலைக் குறைக்கும். அறுபதிலிருந்து எண்பது வீதம் வரை டீசலை மிச்சம் பிடிக்கலாம். முழுவதையும் நிறுத்தப் பார்க்காதீர்கள். தீக்குச்சி இல்லாமல் அடுப்பு இல்லை, தெளிகருவியின் நுனியைக் குளிர வைப்பதும் அந்த டீசல்தான். உச்சி வெயிலில் முழுப் பாரத்தோடு ஓடும்போது அந்தத் தகரப் பேணிச் சத்தம் கேட்டால் காஸைக் குறையுங்கள். வழியில் தண்ணீர் வடிய ஒரு போத்தலும், ஐதரசன் சல்பைட்டைப் பிடிக்கத் துருப்பிடித்த இரும்புச் சீவல் நிரப்பின ஒரு குழாயும் வேண்டும். அழுகின முட்டை மணம் போகாவிட்டால் வளையமும் பெயரிங்கும் அரிக்கும். எஞ்சினுக்குக் கிட்ட, குழாய்க்குள் நெருக்கமான கம்பி வலையை நாலைந்து மடிப்பாகச் செருகுங்கள். டேவி 1815 இல் சுரங்க விளக்குக்குச் செய்தது அதுவே: வலைக் கம்பி சுவாலையின் சூட்டைக் குடித்துவிடும், நெருப்பு பின்னால் திரும்பிக் குழிக்குப் போகாது. குழி புதிதாக வாயு விடத் தொடங்கும்போது அதில் காற்றும் கலந்திருக்கும். முதலில் சேர்கிறதை வெளியே விட்டுவிடுங்கள், கிட்டக் கொள்ளி கொண்டுபோக வேண்டாம்.

கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாட்டின் நாள் சாணம் பத்துக் கிலோ என்றால், அதில் 0.35 இலிருந்து 0.4 கன மீற்றர் காஸ். பத்து மாட்டுக்கு நாலு கன மீற்றருக்குக் கொஞ்சம் கீழே. மூன்று கிலோவாற்று வேலை செய்கிற பம்புக்கு மணித்தியாலத்துக்கு ஒன்றரை இரண்டு கன மீற்றர் போகும். ஆக இரண்டு மணித்தியால இறைப்பு, அடுப்புக்கு ஒன்றும் எடுக்காவிட்டால். அதுவும் கட்டி வளர்க்கிற மாட்டுக்குத்தான். எங்கள் பட்டி மாடுகள் பகல் முழுக்கக் காட்டிலும் குளத்து அலைகரையிலும் நின்றுவிட்டு இரவுதான் பட்டிக்கு வரும். சாணத்தில் பாதி காட்டுக்குப் போகிறது.

அந்தப் பற்றாக்குறையால்தான் காஸைச் சேர்த்துச் சிலிண்டரில் அடைக்கும் எண்ணம் வந்திருக்கும். மெதேனைச் சமையல் காஸ் போலத் திரவமாக்க முடியாது. மறை 82 பாகைக்கு மேலே எவ்வளவு அமுக்கினாலும் அது திரவமாகாது. 12.5 கிலோ சிலிண்டரின் உள் கொள்ளளவு 26, 27 லீற்றர். எட்டு பாருக்கு அடைத்தாலும் இருநூறு லீற்றர் சொச்சம் சாண வாயு. ஒரு அடுப்புக்கு அரை மணித்தியாலம். இந்த அரை மணித்தியாலத்துக்காக எதைத் தொடுகிறீர்கள் என்று பாருங்கள்.

ரயர்க் கடைக் கொம்பிரசர் உறிஞ்சும் மெசின். குழியில் இருக்கிறது சில அங்குலத் தண்ணீர் உயர அமுக்கம்தான். கொம்பிரசர் அதைவிட வேகமாக இழுத்தால் பொருத்து, வாய், வெடிப்பு எல்லாவற்றாலும் காற்று உள்ளே வரும். இப்போது கலவை தயார். ஒரே தட்டில் எட்டு பாருக்கு நெருக்கினால் சேறலில்லாக் கணக்கு 300 பாகை காட்டும்; தலை குளிர்வதால் உண்மையில் 150, 200. அந்தச் சூட்டில் மெதேன் பற்றாது, சரிதான். ஆனால் அங்கே மெதேன் தனியாக இல்லை. வால்வுத் தட்டில் கருகின ஒயில் காபன் அப்பிக் கிடக்கிறது. அது வைக்கோல் கும்பி மாதிரி உள்ளுக்குள் தானாகச் சூடேறித் தணலாகும் சாமான். வெறும் காற்று அடிக்கிற கொம்பிரசர்களிலேயே அதனால் தீ வந்து குழாய் வெடித்திருக்கிறது. உங்கள் எஞ்சினில் டீசல் செய்த தீக்குச்சி வேலையை இங்கே ஒயில் செய்யும். எஞ்சினுக்குள் இரண்டு மில்லிசெக்கன் இருந்துவிட்டுப் போன கலவை, இங்கே கொம்பிரசரின் காற்றுத் தாங்கிக்குள் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும். எஞ்சினில் ஒரு மூச்சுக் காஸ். தாங்கியில் நூறு லீற்றர், அதுவும் எட்டு மடங்கு நெருக்கி. சேமிக்க வேண்டுமென்றால் அமுக்காமல் சேமியுங்கள்: தடித்த பிளாஸ்ரிக் பை, அல்லது தண்ணீரில் கவிழ்த்து மிதக்கவிட்ட பீப்பா. இடம் கூடப் பிடிக்கும், பிடிக்கட்டும்.

இதோடு ஒட்டினது ஒன்று. 2021 கடைசியில் நாடு முழுக்கச் சமையல் காஸ் விபத்துகள் நடந்தபோது, "சிலிண்டருக்குள்ளை அமுக்கம் கூடித் தானாகப் பற்றிச்சு" என்று பலர் கதைத்தார்கள். நிரம்பின சிலிண்டருக்குள் ஒட்சிசன் இல்லை. என்ன அமுக்கம் வந்தாலும் உள்ளே எரிய வழியில்லை. வெளியே கசிந்து காற்றோடு கலந்தபிறகுதான் எல்லாம். விதிவிலக்கு, வெல்டிங் கடையில் இருக்கிற அசற்றிலீன். அது காற்றே இல்லாமல், ஒரு பாரைத் தாண்டி அமுக்கினாலே தன்பாட்டில் சிதையக்கூடியது. அதனால்தான் அதைச் சிலிண்டருக்குள் நுண்துளைப் பொருளில் ஊறின அசற்றோனில் கரைத்து வைக்கிறார்கள். பக்கத்தில் நிற்கிற ஒட்சிசன் சிலிண்டரின் வால்வைச் சடாரென்று திறக்காதே என்று பழைய வெல்டர் ஏசுவதும் இந்தக் கணக்குத்தான்: 150 பார் ஒட்சிசன் ஒரேயடியாகச் சின்னக் குழாய்க்குள் பாய்ந்தால் முனையில் அகப்பட்ட வாயு ஆயிரம் பாகையைத் தொடலாம். அங்கே ஒரு துளி கிறீஸ் இருந்தால் போதும்.

கடைசியாக, காஸில் ஓடும் டீசல் எஞ்சினுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காற்று வழியால் காஸ் கட்டுப்பாடு இல்லாமல் வரத் தொடங்கினால், டீசலை முழுக்க வெட்டினாலும் எஞ்சின் நிற்காது. சிலிண்டருக்குள் இருக்கிற சூடும் ஒயிலுமே தீக்குச்சியாகிவிடும், வேகம் ஏறிக்கொண்டே போகும். 2005 பங்குனியில் அமெரிக்காவின் டெக்சாஸ் சிற்றி சுத்திகரிப்பு ஆலையில் ஆவி மேகம் பரவினபோது, நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு டீசல் வாகனம் இப்படித்தான் வெறிபிடித்து உறுமியது. அதில் இருந்து பற்றினதாகவே விசாரணையில் சொன்னார்கள். பதினைந்து பேர் இறந்தார்கள். ஆகவே காஸ் வால்வு கைக்கு எட்டும் இடத்தில், எஞ்சினில் இருந்து தள்ளி இருக்கட்டும். அதோடு காற்று வாயின் அளவுக்கு ஒரு பலகைத் துண்டு வெட்டி, கயிற்றில் கட்டிப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். எஞ்சின் அடங்காவிட்டால் அதை வாயில் அழுத்திப் பிடித்தால் மூச்சடங்கி நின்றுவிடும். கையால் பொத்தப் போகாதீர்கள், இழுத்துவிடும்.

குழி எத்தனை கன மீற்றர் என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், மாடு பட்டியில் நிற்கிற மணித்தியாலத்தையும் எஞ்சினின் குதிரை வலுவையும் எழுதுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.